தம்புராவைத் துடைத்துவிட்டுச் சேலைக்குச் சாயம்

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய தொலைக்காட்சிக் கச்சேரிகளைக் கலராக்கி இணையத்தில் ஏற்றுகிறவர்களைப் பாராட்டி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருப்பு வெள்ளையில் கிடந்த கச்சேரிகளுக்கு உயிர் வந்துவிட்டதாகக் கட்டுரையாளர் சந்தோஷப்படுகிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. இருபது வருஷம் மாம்பலத்தில் வீடியோ கடை நடத்தியவன் நான். கடையை மூடிய பிறகும், தெரிந்தவர்களின் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரை படித்த அன்று மாலையே அப்படியொரு வீடியோவை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். பாடுகிறவர் யார் என்பது வேண்டாம். பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். கரிய மேனிக்காரர். அவரை ரோஜா நிறத்தில் காட்டியிருந்தார்கள். நெற்றி விபூதி நீலம் பாரித்திருந்தது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் நடுவில் வட்டமாக இருக்கும் 'சோறு' என்ற பூச்சு, உண்மையிலேயே கருப்பு. இடது முகமான தொப்பியில் அப்பும் ரவை, உண்மையிலேயே வெள்ளை. அதாவது கருப்பு வெள்ளைப் படத்தில் ஏற்கெனவே சரியான நிறத்தில் இருந்த இரண்டு பொருள்கள் அவைதான்! அவற்றையும் விடவில்லை. ரவை, பலாக்கட்டை நிறத்துக்கு மாறியிருந்தது. வித்வான் கையை ஓங்கும்போதெல்லாம் விரலில் இருந்த நிறம் கொஞ்சம் வழிந்து ஜிப்பாவில் ஒட்டிக்கொண்டு, அடுத்த நொடி மறைந்தது.

பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்ட பெண்மணியின் காஞ்சிபுரம் பட்டுக்கு உடலும் பார்டரும் ஒரே மங்கல் நீலம். கோர்வை என்ற இணைப்பு நெசவு போட்டு உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு எதிர் நிறம் என்று நெய்வதுதானே காஞ்சிபுரத்தின் அழகு? மெஷினைத் திட்டிப் பயனில்லை. அரக்குச் சிவப்பும் கரும்பச்சையும் கருப்பு வெள்ளையில் ஏறத்தாழ ஒரே சாம்பலாகத்தான் விழும். சாம்பலைப் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதனானால் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போய், பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வரலாம். ஒரு பாடகியின் புடவை நிறத்துக்கு 'எம்.எஸ். ப்ளூ' என்று பெயரே வைத்துக் கொண்டாடிய ஊர் இது. இங்கே நிறத்தை உத்தேசமாகப் போட்டுவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்?

கலராக்கவே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். 2010-ல் கலராகி வந்த தெலுங்கு மாயாபஜாரை ரசித்துத்தான் பார்த்தேன். அது கற்பனைக் கதை. கடோத்கஜன் எந்த நிற உடை உடுத்தினால் என்ன? கச்சேரி அப்படியல்ல. அது நடந்த நிகழ்ச்சி.

இங்கிலாந்தில் நடந்த ஒன்றைக் கட்டுரையாளர் தொட்டுச் சென்றார். ஆனால் நம் ஊர்ச் சாயம் பூசும் வேலையோடு அதைச் சேர்த்துக் குழப்பிவிட்டார். பிபிசி அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலைக்குப் பயந்து, ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்ததைப் பதிந்தது. 1964-ல் தொடங்கிய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' பாட்டு நிகழ்ச்சியின் முதல் பத்து வருஷத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போனது. பீட்டில்ஸ் அந்த நிகழ்ச்சிக்கு நேரில் வந்தது ஒரே ஒரு தடவை, 1966 ஜூன் 16. அதில் மிஞ்சியது, யாரோ வீட்டு டிவித் திரையைப் பார்த்து 8 மி.மீ. கேமராவில் பிடித்த சிறு துணுக்குதான். அதுவும் 2019-ல்தான் வெளியே வந்தது. டேவிட் போவி 1973 ஜனவரியில் வந்து பாடியது தப்பித்தது இன்னொரு விதம். ஜான் ஹென்ஷால் என்ற கேமராமேன் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். 2011-ல் அது கிடைத்தது.

அழித்த கலர் நிகழ்ச்சிகள் சிலவற்றுக்கு, வெளிநாடுகளுக்கு விற்பதற்காக டிவித் திரையைப் படம் பிடித்து எடுத்த 16 மி.மீ. கருப்பு வெள்ளை பிலிம் மட்டும் மிஞ்சியது. கலர் சிக்னலை வடிகட்டாமல் அப்படிப் படம் பிடித்த பிலிம்களில், திரையில் நெளிந்த பொடிப் பொடிப் புள்ளிகளும் சேர்ந்து பதிவாகியிருந்தன. பார்க்கிறவருக்கு அது அழுக்கு. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள்தான் நிறமே ஒளிந்திருந்தது. ஜேம்ஸ் இன்செல் என்பவர் இதைப் பிடித்துக்கொண்டு ஆட்களைச் சேர்த்தார். ரிச்சர்ட் ரசல் என்ற பொறியாளர் புள்ளிகளைப் படித்து நிறத்தை மீட்க மென்பொருள் எழுதினார். 1969-ல் எடுத்த ஒரு நகைச்சுவைத் தொடரின் அத்தியாயம் இப்படி மீண்டு, 2008-ல் கலரில் ஒளிபரப்பானது. இது சாயம் பூசியது அல்ல, புதைந்திருந்ததைத் தோண்டி எடுத்தது.

நம் கதைக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ல். கலர் வந்தது 1982-க்கு அப்புறம். இடைப்பட்ட காலத்தில் ஸ்டுடியோவில் எடுத்த கச்சேரிகள் பிறந்ததே கருப்பு வெள்ளையில். கேமராவுக்குள்ளேயே நிறம் போகவில்லை. எத்தனை தோண்டினாலும் வராது.

ஆனால் தோண்டினால் வேறு இரண்டு வரும். அவற்றைத்தான் இவர்கள் தூக்கிப் போடுகிறார்கள். ஒன்று, விரல். நம் பழைய டிவியில் விநாடிக்கு 50 தடவை படம் மாறும். ஒவ்வொரு தடவையும் பாதி வரிகள்தான் வரும், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தில் எடுத்தது. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சீப்புப் பல் மாதிரி கோடு தெரிகிறதே என்று இரண்டிரண்டைக் கலந்து 25 ஆக்கிவிடுகிறார்கள். தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், மோரா என்ற முடிப்புக்கு முன்னால் வேகவேகமாக வரும் ஃபரனைப் பாருங்கள். விரலுக்குப் பதில் ஒரு புகைதான் தெரியும். ஐம்பதையும் வைத்துக்கொண்டு மாற்றினால் விரல் விரலாகத் தெரியும். இதற்குக் காசுகூட வேண்டாம், இலவச மென்பொருளே போதும்.

இன்னொன்று, ஒலி. நான் பார்த்த அந்த வீடியோவில் பல்லவி போய்க்கொண்டிருக்கிறது, தம்புரா பெண்மணியின் விரல் தந்தியை வருடிக்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் காணோம்! டேப்பின் 'உஸ்' இரைச்சலைத் துடைக்கும் மென்பொருள், மாறாமல் ஒலிக்கிற எதையும் இரைச்சல் என்றுதான் நினைக்கும். தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதானே. சுருதியிலும் இதே அலட்சியம். விநாடிக்கு 24 படமாக எடுத்த பிலிமை 25-ல் ஓட்டினால் நான்கு சதவீதம் வேகம் கூடும். ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பாடியவர் ஒன்றரையும் இல்லாமல் இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பார். சுருதிப் பெட்டியை வைத்து ஒரு நிமிஷம் சரிபார்க்கக் கூடாதா?

கலருக்குச் செலவழிக்கிற நேரத்தில் யார் வீட்டுப் பரணில் எந்தக் கேசட் இருக்கிறது என்று தேடலாம். சென்னை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதைத் துடைக்காமல் விசிஆரில் போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற கேசட்டையும் கெடுக்கும். நல்ல விசிஆரே இப்போது கிடைப்பதில்லை. உதிரி பாகத்துக்காக நான் செத்துப்போன நான்கை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். சாயம் பூசுவதை எப்போது வேண்டுமானாலும் பூசலாம். டேப் அதுவரை காத்திருக்காது. அப்படியே பூசினாலும், 'இந்த நிறங்கள் ஊகம்' என்று திரையிலேயே ஒரு வரி போட்டு, மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். 1980-களின் நடுவில் ஒரு மார்கழி இரவு, சென்னைத் தொலைக்காட்சியில் வந்த புல்லாங்குழல் கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தேன். போன மாதம்தான் அதை மாற்றினேன். கலர் கொஞ்சம் வழிகிறது, ஆனால் தம்புரா கேட்கிறது, கடத்தின் வாயில் விரல் படுவதுகூடத் தெரிகிறது. தனி ஆவர்த்தனத்தில் கடக்காரர் கண்டத்துக்கு, அதாவது ஐந்தைந்தாக எண்ணும் நடைக்கு மாறுகிறார், மிருதங்கம் பதில் சொல்ல ஆரம்பிக்கிறது, அதோடு எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. அப்புறம் வெறும் பனித்துகள்தான். அன்றைக்குக் கரண்ட் போகாத தெருவில் யாராவது பதிவு செய்திருந்தால், உங்கள் பத்திரிகை முகவரிக்கு ஒரு கார்டு போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை