ஒலிவாங்கியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள்: தமிழ்த்தினப் போட்டி நடுவர்களுக்கு

அன்புக்குரிய நடுவர்களே,

திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியவன் நான். நடுவர் கதிரையிலும் இருந்திருக்கிறேன். ஆகவே இந்த மடலில் வரும் குற்றங்களில் பாதி என்னுடையவை.

ஒரு வலயமட்டப் போட்டி. நிலாவெளிப் பக்கமிருந்து, கரைவலை இழுக்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனைக் கூட்டிப் போயிருந்தேன். கடலைப் பற்றிப் பேசினான். காற்று மாறும்போது தண்ணீரின் நிறம் எப்படி மாறும் என்று அவன் சொன்னது அவனுடைய சொந்தச் சரக்கு, நான் எழுதிக் கொடுத்ததல்ல. முடிவில் நடுவர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "தமிள் என்று சொல்லிக்கொண்டு தமிழ்த்தினப் போட்டிக்கு வரலாமா?" என்றார். மண்டபம் சிரித்தது. அவனைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை, எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது.

நடுவர் சொன்னது பொய்யில்லை, அவன் தமிள் என்றுதான் சொன்னான். ஆனால் அது பத்து நிமிட வேலை. நாக்கு நுனியைப் பின்னுக்கு மடித்து, அண்ணத்தில் ஒட்டாமல் விட்டால் ழ, ஒட்டினால் ள. அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு இதைச் சொல்லியிருந்தால் அடுத்த வருடம் திருத்திக்கொண்டு வந்திருப்பான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான்: "சேர், நான் சொன்னதில ஒண்டாவது சரியா இருந்ததா?"

"எல்லாமே நல்லா இருந்தது" என்றேன். அது அன்றைய இரண்டாவது பிழை. அவன் நம்பவில்லை, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்று இப்போதும் மனம் உறுத்துகிறது.

பாராட்டிலும் நாம் கெட்டிக்காரர் இல்லை. "மேடைக்கென்றே பிறந்த பிள்ளை", "நாவில் சரஸ்வதி" என்று வாரி இறைக்கிறோம். அமெரிக்காவில் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரு உளவியலாளர்கள் 1998 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நீ புத்திசாலி என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், நன்றாக முயன்றாய் என்று புகழப்பட்டவர்களைவிட, கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சோர்ந்துபோனார்கள். எங்கள் மேடைகளிலும் இதைக் கண்டிருக்கிறேன். சரஸ்வதி என்று பெயர் வாங்கிய பிள்ளை மாகாண மட்டத்தில் ஒருமுறை தோற்றால் பிறகு மேடைப் பக்கமே வருவதில்லை.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, யாரை எப்போது புகழ்வது என்று கணக்குச் சொல்கிறது: நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசிரியரை எங்கும், வேலையாளை வேலை முடிந்த பின். பிள்ளைகளை மட்டும் நெஞ்சுக்குள். கடைசியில் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. நெஞ்சுக்குள் வைத்த பாராட்டு பஸ்ஸில் வீடு திரும்பும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

சரி, கேட்பது இதுதான். நேரம் தாண்டுவது, தலைப்பை விட்டு விலகுவது போன்ற பொதுப் பிழைகளை ஒலிவாங்கியிலேயே சொல்லுங்கள், தவறில்லை. தனிப் பிள்ளையின் பிழையை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். இரண்டே வரி: உன் பேச்சில் எனக்கு நினைவில் நின்றது இது, அடுத்த முறைக்கு முன் திருத்த வேண்டியது இது. முதல் வரிக்கு எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால், நாம் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தாள் வெட்டிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.