நான்கு எம்ஓஏ, நான்கு நிமிடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்ட இலக்கை ஒற்றைக் கையால் சுடும் அமெரிக்கப் புல்ஸ்ஐ பிஸ்டல் போட்டி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘4 எம்ஓஏ டாட் என்பது நான்கு நிமிடம் எரிந்து அணையும் விளக்கு’ என்று அச்சேறியிருக்கிறது. டாட் என்பது பிஸ்டல் மேல் பொருத்தும் குறிபார்க்கும் கருவியில் (சைட்) தெரியும் ஒளிப்புள்ளி. அதன் அளவைச் சொல்வது எம்ஓஏ, அதாவது ‘மினிட் ஆஃப் ஆங்கிள்’. ‘மினிட்’ என்றதும் கடிகாரம் நினைவுக்கு வந்துவிட்டது போலும். அது கோண அளவு. ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு. 100 கெஜத்தில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 50 கெஜத்தில் அரை அங்குலம். தங்களுக்குத் தெரியாததல்ல. மெய்ப்புப் பார்த்தவருக்கு அன்று என்ன அவசரமோ.

இதோடு நின்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். அடுத்த வரி, ‘பெரிய டாட்டாக வாங்கி வெளிச்சத்தை முழுதாக வையுங்கள், குறி தவறாது’ என்கிறது. 50 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டம் 3.36 அங்குலம். 8 எம்ஓஏ டாட் அங்கே 4 அங்குலத்துக்கு மேல் மறைக்கும். நடுவைவிட்டுச் சற்று விலகினாலும் கண்ணுக்குப் பிடிபடாது. 4 எம்ஓஏ என்றால் சுமார் 2 அங்குலம். இலக்கின் எட்டங்குலக் கருப்பு வட்டத்தின் நடுவில் அதை வைப்பது சுலபம். 10 நொடியில் ஐந்து குண்டு சுடும் 25 கெஜச் சுற்றில் பெரிய டாட்டை விரும்புகிறவர்கள் உண்டு, கை ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பதால். அதற்காகத்தான் அல்ட்ராடாட் மேட்ச்டாட் என்ற சைட்டில் 2, 4, 6, 8 எம்ஓஏ என்று மாற்றிக்கொள்ளும் வசதியே வைத்திருக்கிறார்கள்.

வெளிச்சம் ஏற ஏற டாட் பூத்துப் பெருக்கும். கருப்பின் மேல் தெரிந்தால் போதும், அதற்கு மேல் ஒரு படிகூட வேண்டாம். அப்படியும் வால்நட்சத்திரம் மாதிரி இழுத்துத் தெரிந்தால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் சைட்டைக் கையில் எடுத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வாலும் கூடவே சுழன்றால் கோளாறு சைட்டில். அசையாமல் அதே பக்கம் நின்றால் உங்கள் கண்ணில், ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை. எத்தனை விலை கொடுத்து வேறு சைட் வாங்கினாலும் அது போகாது, கண்ணாடிதான் போட வேண்டும்.

‘பாரலாக்ஸ் அறவே இல்லை’ என்ற விளம்பர வாசகத்தையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். பாரலாக்ஸ் என்றால் தலை நகரும்போது டாட் இலக்கின் மேல் இடம் மாறித் தெரிவது. குண்டு நீக்கிய பிஸ்டலை மணல்மூட்டையில் அசையாமல் கிடத்தி, 25 கெஜ இலக்கைப் பார்த்தபடி தலையை மட்டும் நகர்த்தினால், மலிவான சைட்டில் டாட் ஊர்வது தெரிந்துவிடும். டாட்டைக் குழாயின் நடுவில் வைத்தே சுடச் சொல்வது இதனால்தான்.

பொருத்துவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. .45 பிஸ்டலில் ஸ்லைடின் (சுடும்போது பின்னே போய்த் திரும்பும் மேல் பாகம்) மேல் சைட்டை ஏற்றினால் ஒவ்வொரு குண்டுக்கும் சைட் முன்னும் பின்னும் அடிபடும். பேட்டரித் தொடர்பு விட்டு டாட் சிமிட்டும், திருகு தளரும். கூடுதல் எடையால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் காலித் தோட்டா சிக்கினால், ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை ஒரு படி இலகுவாக்க வேண்டும். அசையாத கீழ்ப் பாகமான ஃபிரேமில் பொருத்தினால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கை சுமக்கும் எடை கூடும். ஒற்றைக் கையால் 270 குண்டு சுடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

கட்டுரைக்கு மேலே மனு பாக்கரின் படம். அவர் 2024-ல் பாரிஸில் பதக்கம் வாங்கிய ஏர் பிஸ்டலில் டாட் ஏது? சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப்பின் பிஸ்டல் போட்டிகளில் திறந்த சைட் மட்டும்தான். பிஸ்டலின் மேல் டாட், லென்ஸ், லேசர் எதற்கும் அனுமதியில்லை. உங்கள் படத்தை நம்பிப் பிள்ளைக்கு ரெட் டாட் வாங்கித் தரும் பெற்றோர் பணத்தை யாரிடம் போய்க் கேட்பார்கள்? அந்தப் பதக்கச் செய்தியிலேயே அவர் கையிலிருந்தது ரைபிள், ரிவால்வர், பிஸ்டல் என ஒரே பத்தியில் மூன்று அவதாரம் எடுத்தது. அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. இலக்கின் நடுவைக் குறிக்கும் ‘புல்ஸ்ஐ’யைக் ‘காளையின் கண்’ என்று மொழிபெயர்த்ததை நான் மறந்தாலும் காளைகள் மறக்காது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம்: எம்ஓஏ கோண அளவு என்பதும், ஐஎஸ்எஸ்எஃப் பிஸ்டலில் டாட் கூடாது என்பதும். இடமில்லையென்றால் ராசிபலனில் நான்கு வரி குறைத்துக்கொள்ளலாம், விருச்சிக ராசிக்காரன் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்