நைனாவுக்கு, தராசைப் பற்றி

இன்வர்கார்கில், நியூசிலாந்து
மே 18

அன்புள்ள நைனாவுக்கு,

நானும் உங்கள் மருமகளும் பேரனும் சௌக்கியம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நன்றாக நடந்தது என்று தங்கச்சி சொன்னாள். இந்த வருஷமும் வர முடியவில்லை. அங்கே வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே குளிர்காலம் தொடங்கி, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

போன வாரம் போனில் அம்மா, "வீட்டுல துப்பாக்கி எதுக்குடா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. போனில் முழுசாகச் சொல்ல முடியாது என்று எழுத உட்கார்ந்தேன்.

நம் ஊரில் 1972 சட்டத்துக்குப் பிறகு காட்டு மிருகத்தைச் சுடுவது குற்றம். அங்கே அதுதான் சரி. இந்த நாட்டில் நிலத்தில் வாழும் சொந்தப் பாலூட்டி என்றால் வௌவால் மட்டும்தான். மானெல்லாம் 19-ஆம் நூற்றாண்டு முதல் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து விட்டவை. அடித்துத் தின்னப் புலியும் இல்லை, செந்நாயும் இல்லை. பெருகிப் போய்க் காட்டில் முளைக்கிற செடியையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. அதனால் அரசாங்கமே வேட்டைக்கு அனுமதி கொடுக்கிறது. எனக்கு லைசென்ஸ் தருவதற்கு முன் வீட்டுக்கு ஆள் வந்து, மருமகளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். ரைஃபிள் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கிறது, தோட்டா வேறு பூட்டில் இருக்கிறது. பிள்ளை கைக்கு எதுவும் எட்டாது. அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ரைஃபிள் கடையில் வாங்கிய சாதாரண டிக்கா, பின்லாந்துத் தயாரிப்பு, .308 அங்குலக் குண்டு போடுவது. அட்டைப்பெட்டியில் வரும் தோட்டாவை வைத்து 100 மீட்டரில் ஐந்து முறை சுட்டால் துளைகள் ஆறு சென்டிமீட்டருக்குப் பரவின. மானுக்கு அது போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் போதவில்லை. முதல் வருஷம் நான் சுட்ட ஒரு பெண்மான் காயத்தோடு புதருக்குள் ஓடியது. அடிவயிற்றில் பட்டிருந்தது. நாலு மணி நேரம் ரத்தத்தடம் பார்த்துத் தேடித்தான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் தோட்டாவை நானே செய்யக் கற்றேன்.

தோட்டாவில் நாலே பொருள்தான்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதை டை என்கிற இரும்பு அச்சில் விட்டுப் பழைய அளவுக்கு அழுத்தி, நீண்டிருந்தால் வெட்டி, புதுப் பிரைமர் வைத்து, மருந்தை எடைபோட்டுக் கொட்டி, குண்டைச் செருக வேண்டும். மருந்தை எடைபோடுகிற இடத்தில்தான் நைனா, நீங்கள் வருகிறீர்கள்.

மருந்தின் எடைக்குக் கிரெயின் என்று ஒரு கணக்கு. ஒரு கிரெயின் 65 மில்லிகிராம். நம் பட்டறைக் குண்டுமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின். நான் பத்தில் ஒரு கிரெயின் வித்தியாசம் பார்க்கிறேன், அதாவது ஒரு குண்டுமணியில் இருபதில் ஒரு பங்கு. சின்னக் குச்சி போன்ற மருந்தில் நாலைந்து துணுக்கு. சாமணத்தால் ஒவ்வொன்றாகத் தட்டில் போடுகிறேன். நீங்கள் தங்கம் நிறுக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்வீர்களே, தட்டின் பக்கம் மூச்சு விடாமல் தலையைத் திருப்பிக்கொள்வீர்களே, அதையேதான் நானும் செய்கிறேன். ஹீட்டர் காற்றுக்கே தட்டு ஆடுகிறது.

அளவை நானாக முடிவு செய்வதில்லை. மருந்துக் கம்பெனி அச்சடித்த புத்தகத்தில் இருக்கிற குறைந்த அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் சுட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தோட்டாவுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். தம்பி கார் டயரில் 32 அடிக்கிறான், நினைத்துப் பாருங்கள். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறக்கக் கடினமாக இருந்தாலோ, பிரைமர் தட்டையாகிப் போனாலோ அழுத்தம் மிஞ்சுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிடுவேன். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். அந்த நேரத்தில் போனும் எடுப்பதில்லை.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். கூட்டை நாலைந்து தடவை அழுத்தினால் பித்தளை இறுகிக் கழுத்தில் விரிசல் விடும். கம்பி இழுத்து இழுத்துத் தங்கம் இறுகினால் நீங்கள் சுட்டு எடுப்பீர்கள் அல்லவா, அதே வைத்தியம்தான். ஆனால் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்ட வேண்டும். அடிப்பாகம் இளகினால் ஆபத்து. இங்கே பழகிய ஒரு பெரியவர் ஜ்வாலையில் அதைக் காட்டினார். நிறம் மாறும் முன்னே எப்போது எடுக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. குமிட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிள்ளை என்று அவருக்குச் சொன்னேன்.

ஏமாந்ததும் உண்டு. ஒருநாள் மூன்று குண்டும் 12 மில்லிமீட்டருக்குள் போயின. கிடைத்துவிட்டது என்று அதே அளவில் ஐம்பது தோட்டா செய்தேன். அடுத்த வாரம் எல்லாம் சிதறின. மூன்று குண்டு அதிர்ஷ்டத்திலும் ஒட்டி விழும். ஐந்து ஐந்தாக, வேறு வேறு நாளில், குழல் ஆறவைத்துச் சுட்டால்தான் உண்மை தெரியும். இரண்டு மாதம் மருந்தையும் குண்டின் ஆழத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ஒரு திருகு தளர்ந்திருந்தது. பட்டறையைத் திறந்ததும் தராசின் முள் நடுவில் நிற்கிறதா என்று முதலில் பார்ப்பீர்களே. நான் அதைப் பார்க்காமல் விட்டேன்.

இப்போது ஐந்தும் பழைய ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுகின்றன. ஏப்ரலில் ஆண்மான் கத்துகிற பருவம். 140 மீட்டரில் ஒன்று பக்கவாட்டில் நின்றது. ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தது, வலியை உணர நேரம் இருந்திருக்காது. கறியை நாலு வீட்டுக்குப் பங்கிட்டோம். மருமகள் மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள். உயிரை எடுப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். எடுத்தால் அப்படித்தான் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் ராத்திரியெல்லாம் நிறுக்கிறேன்.

ஒரு உதவி வேண்டும். என் எலக்ட்ரானிக் தராசு குளிரில் அடிக்கடி தடம் மாறுகிறது. தாத்தாவின் சின்னப் பித்தளைப் படிக்கல் பெட்டி அலமாரியில் இருந்தால், ஜூலையில் வரும் மச்சானிடம் கொடுத்தனுப்புங்கள். தினமும் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்வேன். பேரனுக்கென்று குண்டுமணி மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்த விதையை இங்கே விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்