அந்தப் பந்தைக் கேட்டு வாங்கிய அகின்ஃபென்வாவுக்கு

அன்புள்ள அடேபாயோ அகின்ஃபென்வா அவர்களுக்கு,

லண்டன் வெம்ப்ளி கால்பந்து மைதானத்தில் நீங்கள் அந்த பெனால்ட்டியை அடித்து மே 30-உடன் பத்து வருடம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். படிக்கப்போவது என் ஹாஸ்டல் கூட்டாளிகள். அதனால் சில இடங்களில் பெயர் இருக்காது.

2006 கார்டிஃப் பற்றி நான் பேசவில்லை. ஸ்வான்சீ கிளப்புக்காக அன்று தவறவிட்ட பெனால்ட்டி உங்கள் கணக்கு.

2016-ஐத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். எதிரே பிளைமவுத். உங்கள் கிளப் விம்பிள்டன் 1-0 முன்னிலை, இஞ்சுரி டைம். பெனால்ட்டி கிடைக்கிறது. அடிக்க வேண்டியவர் கேலம் கென்னடி. நீங்களோ சப்ஸ்டிட்யூட்டாக உள்ளே வந்தவர், வயது 34, கிளப்பில் அதுதான் கடைசி மேட்ச். இருந்தும் மல்லுக்கட்டிப் பந்தை வாங்கிவிட்டீர்கள். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். கென்னடிக்கு எப்படி இருந்திருக்கும்? அப்புறம் அடித்தீர்கள், 2-0, கிளப் ஒரு டிவிஷன் ஏறி லீக் ஒன்.

மேட்ச் முடிந்து டிவி மைக்கில், எனக்கு இப்போது வேலையில்லை, மேனேஜர்கள் யாராவது வாட்ஸ்அப்பில் வாருங்கள் என்றீர்கள். நாங்கள் உருண்டு புரண்டு சிரித்தோம். ஒரு மனிதர் நிஜமாகவே வேலை கேட்கிறார் என்பது, என் கையில் ரிலீவிங் லெட்டர் வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

மன்னிப்பு கேட்க வேண்டியது இதற்கில்லை. ஃபிஃபா வீடியோ கேமில் அப்போது உங்கள் பலத்துக்கு 97 மார்க். மெஸ்ஸியை விட்டுவிட்டு உங்களை எடுத்து, ஆட்களை இடித்துத் தள்ளி விளையாடுவோம். எங்கள் ஹாஸ்டல் விங்கில் கொஞ்சம் குண்டான பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு உங்கள் பெயரை வைத்தது நான். பாராட்டாகத்தான் வைத்தேன். சரி, பாதி பாராட்டு. ஒரு மாதத்தில் அவன் கிரவுண்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். அன்று டிரெஸ்ஸிங் ரூமில் நடந்ததை இங்கே எழுத முடியாது. இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் மட்டும் என்ன? நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் உடம்பைப் பார்த்து ஊரே சிரித்தபோது, 'பீஸ்ட் மோட் ஆன்' என்று டிஷர்ட்டில் அச்சடித்து விற்றீர்கள். நீங்களே சிரிக்கிறீர்களே என்றுதானே நாங்களும் சிரித்தோம்? இருபது வயது நெருங்கும்போது லிதுவேனியாவில், சொந்த அணியின் ரசிகர்களே நிறத்தைச் சொல்லிக் கோஷம் போட்டும் ஊர் திரும்பாமல் ஆடியவர் நீங்கள். அந்தத் தோல் எல்லோருக்கும் வாய்க்குமா? அவனுக்கு இல்லை.

கோபம் உங்கள் மேல் இல்லை என்று எழுதி, அழித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது.

வைகோம்ப் கிளப் உங்களை எடுத்தது. 2020-இல் ஆளில்லாத வெம்ப்ளியில் ஆக்ஸ்ஃபோர்டை வென்று, அந்த கிளப் முதல்முறையாக சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் டிவிஷனுக்குப் போனது. இப்போது என்னிடம் வாட்ஸ்அப்பில் பேச லிவர்பூல் மேனேஜர் க்ளாப்புக்கு மட்டும்தான் அனுமதி என்றீர்கள். க்ளாப் வீடியோவே அனுப்பினார். அன்று நான் தனியாக உட்கார்ந்து அழுதேன், ஏனென்று தெரியாமல். 2022-இல் நீங்கள் ஓய்வு பெற்ற அன்று எதுவும் தோன்றவில்லை.

அவன் நம்பர் என்னிடம் இருந்தது. நேற்று இரவு அந்த பெனால்ட்டி வீடியோவை அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுத நினைத்து, எழுதாமல் விட்டேன்.

காலையில் பார்த்தேன். இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.