பரண்மேல் இருந்து பேசியவருக்கு

மதிப்புக்குரிய ஜெரால்ட் சின்ஸ்டாட் ஐயா அவர்களுக்கு,

இங்கிலாந்தின் தொலைக்காட்சி உதைபந்தாட்ட வர்ணனையாளரான நீங்கள் 2021 நவம்பரில் காலமான செய்தி எனக்கு இரண்டு நாள் பிந்தித்தான் கிடைத்தது. தொண்ணூற்றொரு வயது வரை வாழ்ந்த, ஒருநாளும் நேரில் சந்தித்திராத வெள்ளைக்காரர் ஒருவருக்காக நான் அன்று மாலை முழுவதும் பேசாமல் இருந்ததை என் பிள்ளைகளால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அவர்களுக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவற்றைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் ஆங்கிலத்தில் பாதி உங்களிடம் கற்றது. கற்றுக்கொடுத்தவருக்கே அந்த மொழியில் கடிதம் எழுதினால் பிழை திருத்தி அனுப்பிவிடுவாரோ என்ற பயம் எழுபது வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் 1974 இன் இலையுதிர் காலத்தில், கணக்கியல் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஓல்டாம் நகருக்கு வந்தவன். அதற்கு முன் தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1979 இல்தான் தொடங்கியது. எனக்குத் தெரிந்த உதைபந்தாட்ட வர்ணனை, குருநகரிலும் பாசையூரிலும் போட்டி நாட்களில் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக வருவது. அதில் பேசுகிறவர் ஆட்டக்காரரைப் பள்ளிக்கூடப் பெயரால் அழைக்கமாட்டார். பட்டப்பெயரையும் தகப்பன் பெயரையும், சில வேளை வீட்டு வள்ளத்தின் பெயரையும் சொல்லித்தான் பந்தை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் கொண்டுபோவார். பந்து வெளியே போன இடைவெளியில் யாரோ தொலைத்த சைக்கிள் திறப்பைப் பற்றியும் அறிவிப்பார். வர்ணனை என்றால் ஊரை அறிந்தவர் ஊருக்குச் சொல்வது என்றே நான் நினைத்திருந்தேன்.

ஓல்டாமில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி கணவனை இழந்த ஒரு வயதான அம்மா. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் முன்னறையில் எரிவாயு அடுப்பின் மீற்றருக்குள் பத்துப் பென்ஸ் நாணயம் ஒன்றைப் போட்டுவிட்டு, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன் அமர்வார். என்னையும் கூப்பிடுவார். அவருடைய மரியாதையைவிட அந்த அடுப்பின் சூடுதான் முதலில் என்னை அந்தக் கதிரைக்கு இழுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வடமேற்குப் பகுதியின் தொலைக்காட்சி நிறுவனமான கிரனாடாவின் ‘கிக் ஆஃப் மேட்ச்’ தொடங்கும். அதனுடன் உங்கள் குரலும் வரும். முந்திய நாள் எந்த ஆட்டத்துக்குக் கமராக்கள் போயிருந்தன என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் வழக்கம் அப்போது இல்லை. அறிவித்தால் மைதானத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்பது கழகங்களின் பயம். ஆகவே முதற் காட்சி வரும் வரை அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். எப்போதாவது ஒருமுறை பவுண்டரி பார்க் மைதானமும், அங்கே ஓல்டாம் அத்லெட்டிக் அணியும் திரையில் தெரிந்தால், தன் சொந்த வீட்டையே படம் பிடித்துக் காட்டியது போலப் பக்கத்து வீட்டுக்காரரைச் சுவரில் தட்டிக் கூப்பிடுவார்.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு விளங்குவதில்லை. ஐ.டி.வி. என்பது அக்காலத்தில் ஒரே நிறுவனம் அல்ல. நாட்டைப் பகுதி பகுதியாகப் பங்கிட்டுக்கொண்ட பல தொலைக்காட்சி நிறுவனங்களின் கூட்டு; கிரனாடா அவற்றில் ஒன்று. ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஒளிபரப்புக் கோபுரம், தனி உதைபந்தாட்ட நிகழ்ச்சி, தனி வர்ணனையாளர். பி.பி.சி.யின் ‘மேட்ச் ஆஃப் த டே’ 1964 இல் தொடங்குவதற்கு முன்பே, 1962 இல் நோரிச் நகரத்து ஆங்லியா தன் பகுதிக்கு உதைபந்தாட்டம் காட்டத் தொடங்கிவிட்டது. எங்கள் கூரையின் அலைவாங்கி வின்டர் ஹில் கோபுரத்தைப் பார்த்து நின்றதால் எங்களுக்கு நீங்கள். பெனைன் மலையின் மறுபக்கம், ஹடர்ஸ்ஃபீல்டில் இருந்த அந்த அம்மாவின் தம்பி வீட்டு அலைவாங்கி எம்லி மூர் கோபுரத்தைப் பார்த்து நின்றதால் அவருக்குக் கீத் மாக்லின். நடு இங்கிலாந்துக்கு ஹியூ ஜோன்ஸ், இலண்டனுக்குப் பிரையன் மூர். ஸ்கொட்லாந்துக்காரருக்குக் கட்டம் போட்ட கோட்டு அணிந்த ஆர்தர் மொன்ட்ஃபர்ட். 1966 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தைப் பி.பி.சி.க்காக வர்ணித்து நாடு முழுவதும் பெயர் பெற்ற கென்னத் வுல்ஸ்டன்ஹோம்கூடப் பிற்காலத்தில் வடகிழக்கின் டைன் டீஸுக்குப் போய், நியூகாசிலுக்கும் சண்டர்லாந்துக்கும் பேசிக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சியின் பிற்பகுதியில் வேறு பகுதிகளின் ஆட்டங்களிலிருந்து சில நிமிடங்கள் காட்டுவார்கள். அவற்றுடன் அந்தந்தப் பகுதியின் குரலும் சேர்ந்தே வரும். கோல் விழுந்ததும் “ஒன்று பூச்சியம்!” என்று கரகரத்த தொண்டையால் முழங்கும் ஹியூ ஜோன்ஸ் வந்தால் அது பர்மிங்காம் பக்கம் என்பது படத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். இங்கிலாந்தின் வரைபடத்தை நான் குரல்களால்தான் படித்தேன். ஜோன்ஸ் மீது எனக்குத் தனியான இரக்கமும் உண்டு. 1966 இறுதி ஆட்டத்தை ஐ.டி.வி.யில் வர்ணித்தவர் அவர். இங்கிலாந்தின் ஹேர்ஸ்ட் தன் மூன்றாவது கோலை அடித்தபோது அவரும் நல்ல வசனம்தான் சொன்னார். ஆனால் உலகம் வுல்ஸ்டன்ஹோமின் வசனத்தை மட்டுமே மனப்பாடம் செய்துகொண்டது.

உங்களிடம் வருகிறேன். நீங்கள் வடமேற்குக்காரர் அல்ல என்பதை எனக்குச் சொன்னவர் அந்த வீட்டுக்கார அம்மாதான். உங்கள் உச்சரிப்பைக் கேட்டு, “இவர் எங்கட ஆள் இல்லை, ஆனால் எங்களைத் தெரிந்த ஆள்” என்ற பொருளில் ஒரு நாள் சொன்னார். நீங்கள் கென்ட் மாவட்டத்தின் ஃபோக்ஸ்டனில், பிரான்சுக்கு முகம் காட்டும் கடற்கரை நகரொன்றில் பிறந்தவர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். அன்றைக்கு அந்த ஒரு வசனமே எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு பகுதியின் குரலாக இருப்பதற்கு அந்தப் பகுதியின் உச்சரிப்பு தேவையில்லை. எவர்டன் இடது பின்களத்தில் யார், பேர்ன்லியில் புதிதாக வந்த பையன் யார், மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோட் மைதானத்தில் எந்தப் பக்கத்துப் புல் தேய்ந்திருக்கிறது என்பதையெல்லாம் வாரம் தவறாமல் பார்த்து வைத்திருந்தால் போதும் என்றால், எனக்கும் இந்த ஊரில் ஓர் இடம் இருக்கக்கூடும் என்று இருபத்திரண்டு வயதில் நான் போட்ட கணக்கு அது. கணக்கியல் மாணவன் அல்லவா!

நீங்கள் குறைவாகப் பேசினீர்கள். பார்வையாளர் கூரையின் அடியில் தொங்கும் அந்தக் கமராப் பரணில், எங்கள் ஊரில் தினைப்புனம் காப்பவரைப் போல நின்றுகொண்டு, பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்துவீர்கள். பந்து போகும்; கூட்டத்தின் இரைச்சல் கேட்கும்; அடுத்த பெயர் வரும். நான் புதிய சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்கு அந்த இடைவெளி வசதியாக இருந்தது. நீங்கள் குரலை உயர்த்துவதே அரிது. அதனாலேயே உயர்த்திய நாட்கள் நினைவில் நிற்கின்றன. 1977 மார்ச் 16 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டில், பிரான்சின் செயின்ட் எத்தியென் அணியுடனான ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில், மாற்று வீரராக இறங்கிய டேவிட் ஃபேர்க்ளஃப் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் மூன்றாவது கோலை அடித்தபோது, “சூப்பர்சப்” மறுபடியும் அடித்துவிட்டார் என்று நீங்கள் கத்தினீர்கள். அந்த அம்மா மான்செஸ்டர் யுனைட்டட்டையும் லிவர்பூலையும் ஒரே அளவாக வெறுப்பவர். அவர்கூட அன்று எழுந்து நின்றார்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதத் தொடங்கியதற்கு உண்மையான காரணமாகிய ஆட்டம். 1978 டிசம்பர் 30, சனிக்கிழமை. ஓல்ட் டிரஃபர்டில் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கும் வெஸ்ட் பிரொம்விச் அல்பியனுக்கும் போட்டி. அல்பியன் அணியில் மூன்று கறுப்பின வீரர்கள்: லோரி கன்னிங்ஹாம், சிரில் ரெஜிஸ், பிரெண்டன் பட்சன். (பட்சன் கரிபியன் தீவான கிரெனடாவில் பிறந்தவர், கிரெனடாக்காரரைக் கிரனாடாவில் பார்க்கிறோம் என்று நான் சொன்ன சிலேடைக்கு அந்த அறையில் எவரும் சிரிக்கவில்லை.) அல்பியன் மஞ்சளும் பச்சையும் கோடிட்ட சட்டையில் ஆடியது என்பதை நான் வண்ணத்தில் கண்டது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கணினியில்தான்.

அக்காலத்து மைதானங்கள் எப்படி இருந்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினத்தவர் பந்தைத் தொட்டால் கூக்காட்டுவார்கள். குரங்கைப் போல ஒலி எழுப்புவார்கள். வாயிலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சியின் ஆட்கள் பத்திரிகை விற்றுக்கொண்டு நிற்பார்கள். தொலைக்காட்சியில் அந்த ஒலி தெளிவாகக் கேட்கும்; ஆனால் வர்ணனைகள் பெரும்பாலும் அது மழைச் சத்தம் என்பது போலக் கடந்துபோகும். அதே ஆண்டில் எனக்கும் தெருவில் சில வார்த்தைகள் கிடைத்திருந்தன. அவற்றை நானும் மழைச் சத்தம் போலவே கடந்துகொண்டிருந்தேன்.

அன்று நீங்கள் கடந்துபோகவில்லை. பந்தைப் பின்தொடர்ந்துகொண்டே, கறுப்பின வீரர்களைக் கூட்டம் கூக்காட்டுகிறது என்று, கூக்காட்டலை அதன் பெயராலும் அதற்கு ஆளானவர்களை அவர்களின் நிறத்தாலும் சுட்டி, வெளிப்படையாகச் சொன்னீர்கள். உங்கள் குரல் உயரவில்லை. அதில் இருந்த வெறுப்பு, சட்டையில் பட்ட அழுக்கைச் சுட்டிக்காட்டும் ஒருவரின் வெறுப்பைப் போல அடக்கமாக இருந்தது. உடனே ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். ஆட்டமும் அப்படிப்பட்டது: முதற்பாதி முடிகையில் 3-3, ரெஜிஸ் குதிகாலால் பின்னுக்குத் தட்டிக் கொடுத்த பந்தை லென் கன்டெல்லோ வலைக்குள் அனுப்பிய கோல் அதில் ஒன்று, இரண்டாம் பாதியில் கன்னிங்ஹாமும் ரெஜிஸும் ஆளுக்கொன்று அடிக்க, அல்பியன் 5-3 என்று வென்றது. அடுத்த ஆண்டு கன்னிங்ஹாம் ரியல் மட்ரிட்டுக்குப் போனார்.

முன்னறையில் நானும் அந்த அம்மாவும் மட்டுந்தான் இருந்தோம். உங்கள் வசனம் முடிந்ததும் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்துபோய் மீற்றருக்குள் இன்னொரு நாணயத்தைப் போட்டார். அடுப்பு அணைந்திருக்கவில்லை. அந்தப் பத்துப் பென்ஸ் எதற்காக என்று நானும் கேட்கவில்லை.

இதைப் பெரிதாக்கி உங்களை ஒரு போராளியாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நீங்களும் விரும்பமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் ஒரு வசனத்தால் மைதானங்கள் மாறிவிடவில்லை. அடுத்த பத்தாண்டும் கூக்காட்டல் தொடர்ந்தது. அந்தக் காலத்துப் பரண்கள் எல்லாவற்றிலும் நின்றவர்கள் வெள்ளைக்கார ஆண்கள் மட்டுமே என்பதையும் மறக்க முடியாது. பழைய வர்ணனைகளைப் பொற்காலம் என்று புகழ்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. எனக்கு அது பொற்காலம் அல்ல. குளிரான, வருமானம் குறைந்த, இரவில் தனியாக நடக்கப் பயந்த காலம். அதற்குள் வாரத்தில் ஒரு மணி நேரம், ஒருவர் தான் கண்டதைக் கண்டபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாம் விரைவாக முடிந்தது. 1979 ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தால் திரை வெறுமையாகக் கிடந்தது. பத்து வாரங்களுக்கு மேல் உங்கள் குரல் இல்லை. 1981 இல் நீங்கள் கிரனாடாவை விட்டுப் போனீர்கள். மார்ட்டின் டைலர் வந்தார். 1983 ஒக்டோபரில் லீக் ஆட்டங்களை நாடு முழுவதற்கும் நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கியதும், பகுதிக்கு ஒரு குரல் என்ற ஏற்பாட்டுக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. பிரையன் மூர் எல்லோருக்கும் பொதுவானார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. 1989 இல் ஆன்ஃபீல்டில் ஆர்சனல் அணியின் மைக்கல் தோமஸ் கடைசி நிமிடத்தில் ஓடியபோது அவர் சொன்னதை இன்றும் யார்தான் மறப்பார்கள்! ஆனாலும் பெரிய ஆட்டம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த அந்த நாளிலிருந்து, பவுண்டரி பார்க்கின் தேய்ந்த புல்லைப் பற்றிச் சொல்ல எவரும் இல்லை. பின்னாளில் நீங்கள் பி.பி.சி.யில் சின்ன ஆட்டங்களின் சுருக்கங்களுக்குக் குரல் கொடுத்ததைக் கேட்டிருக்கிறேன். அப்போதும் குறைவாகவே பேசினீர்கள்.

அந்த ஓல்ட் டிரஃபர்ட் ஆட்டத்தின் ஒளிப்பதிவு இணையத்தில் இருக்கிறது. ஆண்டின் கடைசி வாரத்தில் அதைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பேரப்பிள்ளைகள் கோல்களைப் பார்க்கிறார்கள், நான் உங்கள் வசனத்துக்காகக் காத்திருக்கிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. அதைச் சொல்லலாமா என்று அந்தப் பரணில் ஒரு கணம் யோசித்தீர்களா, இல்லை, கன்னிங்ஹாமின் பெயர் வருவது போலத் தானாகவே வாயில் வந்ததா? அந்த வசனத்துக்கு முன் ஒரு சிறு தயக்கம் இருக்கிறதா என்று காதை அருகில் வைத்துக் கேட்கிறேன். சில ஆண்டுகளில் இருப்பதாகப் படுகிறது. சென்ற டிசம்பரில் இல்லை.

இப்படிக்கு,
ஓல்டாமில் உங்கள் குறிப்பேட்டு மாணவன்