மனைவியை அடித்துச் சிறை சென்றவர்களுக்குச் சிறைக்குள்ளேயே திருந்தும் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்
திண்டுக்கல் மாவட்டப் பெண் ஒருவர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
தலைமை இயக்குநர் அவர்கள்,
சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை,
சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: குடும்ப வன்முறைக் கைதிகளுக்குத் தனிச் சீர்திருத்தப் பயிற்சி தொடங்கக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். என் தங்கையின் கணவர், மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான இந்தியத் தண்டனைச் சட்டம் 498-ஏ பிரிவில் தண்டனை பெற்று, மத்தியச் சிறை ஒன்றில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். உள்ளே தையல் கற்றிருந்தார். வந்த வாரமே மகளுக்கு மஞ்சள் துணியில் ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார். குழந்தை இரண்டு நாள் அதைக் கழற்றவே இல்லை. நாங்களும் நம்பினோம். பதினோராம் நாள் இரவு, சோறு ஆறிப்போயிற்று என்று கதவைத் தாழிட்டு என் தங்கையை அடித்தார். மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டோடு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அக்கா, அவருக்குக் காஜா எடுக்கக்கூடக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கை ஓங்காமல் இருக்க யாரும் கற்றுக் கொடுக்கவில்லை."

தையல் பயிற்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது வேண்டும். ஆனால் எந்தக் குற்றத்துக்காக அவர் உள்ளே போனாரோ, அதைப் பற்றி ஒருவரும் ஒரு நாளும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லை.

குடிதான் காரணம் என்று ஊரே சொல்லும், நாங்களும் சொன்னோம். அன்று அவர் குடித்திருக்கவில்லை. முன்கோபி என்பதும் பொருந்தாது. வார்டரிடமோ முதலாளியிடமோ அவர் கை நீட்டியதே இல்லை. நன்னடத்தைக்காகத் தண்டனைக் குறைப்பும் பெற்றவர். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மனைவியை அடிக்கலாம் என்ற அந்த எண்ணத்தைத்தான் சிறை தொடாமல் விட்டுவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, எதிர்மனுதாரரை, அதாவது வன்முறை செய்ததாகப் புகார் சொல்லப்பட்டவரை, கவுன்சலிங்குக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அங்கே அவர் தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடமில்லை என்கின்றன 2006-ஆம் ஆண்டு விதிகள். 'எதிர்த்துப் பேசினாள், அடித்தேன்' என்ற பேச்சே அங்கு எடுபடாது. சிறைக்குள் நடக்கும் வகுப்பும் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

498-ஏ பிரிவிலும், அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆவது பிரிவிலும் உச்ச தண்டனையே மூன்றாண்டுதான். 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவியைக் காக்க நீதிமன்றம் இடும் பாதுகாப்பு ஆணையை மீறியவர்களுக்கு ஓராண்டு. ஆகவே முதல் மாதத்திலேயே தொடங்கி, வாரந்தோறும், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு நடத்த வேண்டும். ஒருநாள் சொற்பொழிவு போதாது. சேர்ந்து வாழச் சொல்லும் சமரசக் கூடமாகவும் அதை ஆக்கிவிட வேண்டாம்.

அமெரிக்காவின் துலூத் நகரில் 1980-களிலேயே இத்தகைய குழு வகுப்புகளைத் தொடங்கினார்கள். அதனால் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்; ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனால்தான், வகுப்புக்கு வந்தார் என்ற வருகைப் பதிவை மட்டும் பார்த்துத் தண்டனைக் குறைப்போ சிறை விடுப்போ தந்துவிட வேண்டாம் என்று மன்றாடுகிறேன். திருந்தினாரா என்பதை மனைவியிடம் கேளுங்கள். அவள் விரும்பினால் மட்டும், அவர் காதுக்கு எட்டாதபடி.

இன்னொன்று. அவர் விடுதலையாகும் நாளை யாரும் என் தங்கைக்குச் சொல்லவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் அவளுக்குத் தெரிந்தது. விடுதலைக்கும் ஒவ்வொரு விடுப்புக்கும் முன்பே, அந்த 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ள மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக மனைவிக்குத் தகவல் போக வேண்டும். வெளிவந்த பிறகும் நன்னடத்தை அலுவலர் சில மாதங்களாவது அவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

மத்தியச் சிறைகளில் ஒன்றிலாவது இவ்வாண்டே இதைத் தொடங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக் கைதிகளுக்கும், அவர்கள் விரும்பினால், இடம் கொடுங்கள். என் தங்கையின் கணவர் இப்போது மீண்டும் விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறார். மறுபடியும் வெளியே வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்