அந்தப் பெண்களுக்கு வாடகைக்கு வீடு கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆதரவு இல்லங்களில் வளர்ந்த பெண்களுக்கு 18 வயதுக்குப் பிறகும் வீடு பிடித்துக் கொடுத்து, அதில் ஒரு பணியாளரையும் சம்பளத்துக்கு வைப்பது வீண் செலவு என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் எழுதியிருந்தார். "கை கால் நன்றாகத்தானே இருக்கிறது, கம்பெனிக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும்" என்பது அவர் வாதம். நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராயில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் வேலை செய்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று தெரியும். ஆனால் அந்தப் பிழைப்பை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்தான் சிறார். அந்தப் பிறந்தநாள் தாண்டியதும் பல பெண்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில் இருக்கிற தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். அதில் இ.பி.எஃப். என்கிற சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிக்கும் போனால் கைக்கு வருவது 1,500 சொச்சம். 600 வெள்ளிக்கு ஒரு சாதாரண வீடு என்றாலும் இரண்டு மாத முன்பணம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், முதல் மாத வாடகை என்று 2,100 வெள்ளியை எடுத்து வைத்தால்தான் சாவி கிடைக்கும். சம்பளமோ மாதம் முடிந்த பிறகுதான் வரும். அந்த முதல் மாதத்தில்தான் வட்டிக்காரன் வருகிறான். "நான் இருக்கிறேன், என்னோடு வந்துவிடு" என்று சொல்கிற ஆளும் அப்போதுதான் வருகிறான்.

எங்கள் வீடு ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிற சாதாரண தெரஸ் வீடு, அதாவது வரிசை வீடு. அறைச் சாவி அவரவர் கையில். கதவைத் தட்டாமல் நான் உள்ளே போவதில்லை, யாருடைய கைப்பேசியையும் தொடுவதில்லை. இரவு வேலை முடிந்து வருகிற பிள்ளை பகலில் தூங்கினால் எழுப்புவதும் இல்லை. வெளியே தங்கப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவாக நான் ஆசைப்பட்டதில்லை. பலருக்கு அம்மா இருக்கிறார்கள், அந்த உறவு எப்படி இருந்தாலும் அது அவர்களுடையது.

பெரிய இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அண்டாவில் சோறு வடிக்கத் தெரியும், ஒரு ஆளுக்கு எத்தனை டின் அரிசி போடுவதென்று தெரியாது. கேஸ் தீர்ந்தால் யாரைக் கூப்பிடுவது, மின்சார பில்லை எங்கே கட்டுவது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இதெல்லாம் வீட்டில் வளர்கிறவர்களுக்குக் கேட்காமலே வந்துவிடுவது. சம்பள நாளில் சமையலறை மேசையில் சம்பளச் சீட்டை விரித்து வைத்து, வரி வரியாகப் பார்ப்போம். ஒரு பிள்ளைக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பத்து மணி நேரம் குறைந்திருந்தது. நான் போன் போடவில்லை. மேற்பார்வையாளரிடம் என்ன கேட்பது என்று மலாய் மொழியில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தாள், அவளே போய்க் கேட்டாள். அடுத்த மாதம் பணம் வந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அந்த வாசகரும் வீண் செலவு என்று எழுதியிருக்க மாட்டார்.

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிவதில்லை. இன்னொரு பெண் எங்களிடம் வருவதற்கு முன்பே, தெரிந்தவர் கேட்டார் என்று 300 வெள்ளிக்குத் தன் ஏ.டி.எம். கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் புரண்டிருக்கிறது. போலீஸ் அழைத்தது, வங்கி கணக்கை முடக்கியது. சம்பளம் போட கணக்கு இல்லாததால் கிடைத்த வேலையும் கைநழுவியது. ஏமாற்றியவனை விட்டுவிட்டு இவளைத்தான் ஊர் பேசியது. போலீஸ் நிலையம், வங்கி என்று அவளோடு நடந்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று: பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாலே முகப்பில் (கவுண்டரில்) இருப்பவர் பேசும் தொனி மாறுகிறது.

அடையாள அட்டைச் சிக்கல் தனிக் கதை. 1982 மார்ச் முதல் நம் திருமணங்களைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தும், தோட்டங்களில் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் நிறைய. தாய் வெளிநாட்டவராக இருந்து, திருமணமும் பதிவாகவில்லை என்றால் பிள்ளையின் குடியுரிமையே கேள்விக்குறி. அப்படி ஒரு பெண் எங்களிடம் இருக்கிறாள். இந்த மண்ணில் பிறந்து தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அடையாள அட்டை இல்லாததால் எந்தத் தொழிற்சாலையும் அவளை எடுப்பதில்லை. சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுகிறாள், இ.பி.எஃப். இல்லை, சொக்சோ இல்லை.

இப்போது நான் எழுத வந்த விஷயம். எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் தனியாக வாழத் தயாராகிவிட்டார்கள். நிரந்தர வேலை இருக்கிறது, முன்பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், சமைக்கவும் கணக்கு எழுதவும் தெரியும். வீடுதான் கிடைக்கவில்லை. போனில் சரி என்று சொன்ன வீட்டுக்காரர், நேரில் போனதும் "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்கிறார். இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்ததும் வீடு வேறு ஆளுக்குப் பேசி முடிந்துவிடுகிறது. ஒருவர் "கல்யாணம் ஆகாத பெண்களை வைத்தால் நாளைக்கு எனக்குத்தான் கெட்ட பெயர்" என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார். அவரும் தோட்டத்திலிருந்து வந்தவர்தான். தாயில்லாத பிள்ளைக்குப் பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) யாராவது ஒரு தட்டு சோறு வைத்த காலத்தை அவரும் பார்த்திருப்பார். அதனால்தான் எனக்கு மனம் அதிகம் வலித்தது.

இந்த இருவரும் வெளியேறினால்தான் இரண்டு கட்டில் காலியாகும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு வேறு இரண்டு பெண்கள் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். மற்றவர்களிடம் வாங்கும் முன்பணத்தையே இவர்களிடமும் வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், சம்பளச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். வாடகை தவறினால் மற்ற குடித்தனக்காரர்களிடம் பேசுவது போலவே பேசுங்கள். இரண்டு அறை போதும். கம்பெனி வேன் நிற்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், தெரு விளக்கு எரிகிற சாலையாக இருந்தால் நல்லது. இரவு வேலை முடிந்து வருகிறவர்கள்.

இப்படிக்கு,
இல்லப் பணியாளர்,
பாடாங் செராய், கெடா
(பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம்.)